வீட்டுத் தோட்டத்தில் இட்லிப் பூ: மண் தயாரிப்பு முதல் கவாத்து வரை முழுமையான வழிகாட்டி

ஆண்டு முழுவதும் இலையுதிர்க்காமல் நிற்கும் பூஞ்செடிகளில் இட்லிப் பூவுக்கு இணையாக நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவரும் புதர் மிகச் சிலவே. வெட்சி, விருட்சி, தெச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் இந்தச் செடிக்குத் தென்னிந்தியாவும் இலங்கையும் தாயகம். ஆநிரை கவரப் போன மறவர் சூடிய பூவாகப் பழந்தமிழ் மரபு இதனை அறியும். கேரளக் கோயில்களில் துளசியோடு சேர்த்து அன்றாடப் பூசைக்கு எடுக்கப்படுவதும் இதுவே. தாவரவியலில் இதன் பெயர் இக்சோரா காக்சீனியா. 1753-இல் லின்னேயஸ் வகைப்படுத்திய செடிகளுள் ஒன்று, காப்பிச் செடியின் குடும்பமான ரூபியேசியைச் சேர்ந்தது.

இவ்வளவு நெருக்கமான நாட்டுச் செடியாக இருந்தும், நகரத்து வீடுகளில் பல இட்லிப் பூச்செடிகள் வெளிறிய இலையோடும் ஒன்றிரண்டு பூங்கொத்தோடும் நிற்பதைப் பார்க்கிறோம். உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் உரமிடுவார்கள், செடி தேறாது. பெரும்பாலும் காரணம் உரமன்று, மண்ணிலும் நீரிலும் உள்ள சுண்ணாம்பு. இட்லிப் பூ அமிலத் தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி. அந்த ஒரு தேவையை நடும்போதே நிறைவேற்றிவிட்டால் மற்ற பராமரிப்பு எளிது. அதைத் தவறவிட்டால் பிறகு செய்யும் எதுவும் முழுப் பலன் தராது. ஆகவே இந்த வழிகாட்டியில் மண்ணுக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

முதற்படி: ரகத்தைத் தேர்ந்தெடுத்தல்

நாட்டு ரகம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து அகலமாகப் பரவும். செந்நிறக் கொத்துகள், கூரிய நுனி கொண்ட நான்கு இதழ்கள், தடித்த கரும்பச்சை இலை ஆகியவை இதன் அடையாளங்கள். இடமிருந்தால் இதையே நடுங்கள் என்பேன். வறட்சியையும் கவனக்குறைவையும் தாங்குவதில் இதற்கு நிகரில்லை. சீன இட்லிப் பூ எனப்படும் இக்சோரா சைனென்சிஸ் வழிவந்த ரகங்களில் கொத்து பெரிது, இதழ் நுனி வட்டமாக இருக்கும். ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, மஞ்சள் நிறங்கள் கிடைக்கின்றன. குட்டை ரகங்கள் இரண்டு மூன்றடிக்கு மேல் போகாமல் சிறிய இலைகளோடு நெருக்கமாக வளர்வதால் நடைபாதை ஓரத்துக்கும் தொட்டிக்கும் ஏற்றவை. நெடிதாக வளர்ந்து மணத்துடன் வெள்ளை நிறத்தில் பூக்கும் இனமும் உண்டு.

நாற்றுப் பண்ணையில் பூத்துக் குலுங்கும் செடியைக் கண்டு மயங்க வேண்டாம். அடியிலிருந்து மூன்று நான்கு கிளைகள் பிரிந்த, இளந்துளிர் பசுமையாக உள்ள செடியைப் பாருங்கள். இலையைத் திருப்பி நடு நரம்பை ஒட்டிப் பழுப்பு நிறச் சிறு செதில்கள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் அது செதில் பூச்சி. அந்தச் செடியை வாங்காதீர்கள். பை அடியில் வேர் வளையமாகச் சுற்றியிருந்தாலும் தவிர்ப்பது நல்லது.

இரண்டாம் படி: இடம்

நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் இருந்தால்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நிழலில் செடி சாகாது, இலை இன்னும் பெரிதாகவும் பசுமையாகவும்கூட இருக்கும். ஆனால் பூ குறைந்து கிளைகள் ஒல்லியாக நீளும். காலை வெயிலும் பிற்பகலில் சற்று நிழலும் விழும் கிழக்குப் பக்கம் சிறந்தது. உறைபனியை இச்செடி தாங்காது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் வெளித் தோட்டத்தில் நடுவது வீண் முயற்சி.

வெயிலைவிட முக்கியமான ஓர் எச்சரிக்கை உண்டு. வீட்டுச் சுவரை ஒட்டி நடாதீர்கள். கட்டுமானத்தின்போது கலவை கொட்டிய இடமும், பூச்சுச் சிமெண்ட் உதிர்ந்து கலந்த மண்ணும், உடைந்த செங்கலும் சுண்ணாம்புக் காரையும் புதைந்த ஓரங்களும் சுவரைச் சுற்றியே இருக்கும். சிமெண்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு பல ஆண்டுகள் மண்ணைக் காரமாகவே வைத்திருக்கும். சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி நடுங்கள். வேறு வழியில்லையென்றால் அந்த இடத்து மண்ணை முழுவதும் வெட்டியெடுத்து மாற்றுங்கள்.

மூன்றாம் படி: மண்ணையும் நீரையும் சோதித்தல்

இட்லிப் பூவுக்கு மண்ணின் பி.எச். அளவு, அதாவது அமில-கார நிலையைக் காட்டும் எண், 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். ஏழு என்பது நடுநிலை. அதற்கு மேலே போகப் போக, மண்ணில் இரும்புச் சத்து ஏராளமாக இருந்தாலும் வேர் உறிஞ்ச முடியாத வடிவத்துக்கு அது மாறிவிடுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் இச்செடி வேலியோரத்தில் யாரும் கவனியாமலே செழிப்பதற்கு அங்குள்ள அமிலத் தன்மை கொண்ட செம்மண்ணும் மிகுந்த மழையுமே காரணம். கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு கலந்த கரிசல் பகுதிகளில் அதே செடி திணறுகிறது. சுண்ணாம்புப் பாறையின் மேல் அமைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ மண் செம்மண்ணாகத் தோன்றினாலும் கிணற்று நீர் கடினநீர். மண்ணின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நடப்போகும் இடத்தில் ஓரடி ஆழத்தில் ஒரு பிடி மண்ணெடுத்து நிழலில் உலர்த்துங்கள். ஒரு தேக்கரண்டி மண்ணின் மேல் வினிகரைச் சொட்டினால் நுரைத்துப் பொங்குகிறதா என்று பாருங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருப்பது உறுதி. நுரைக்காவிட்டால் அமில மண் என்று பொருளாகிவிடாது. ஆனால் சீர்செய்யக்கூடிய மண் என்று கொள்ளலாம். சரியான அளவு தெரிய வேண்டுமென்றால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ மாதிரி கொடுத்துப் பி.எச். அளவையும் உப்புத் தன்மையையும் அறிந்துகொள்ளலாம்.

நீரைச் சோதிக்கத் தனிக் கருவி தேவையில்லை. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் உட்புறத்திலும் குளியலறைக் குழாயின் வாயிலும் வெள்ளைப் படிவு கட்டுகிறதென்றால் உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அந்த நீரை நாள்தோறும் ஊற்றுவது சிறுகச் சிறுகச் சுண்ணாம்பு இடுவதற்குச் சமம். நல்ல மண்ணில் நட்ட செடி முதலாண்டு செழித்துப் பூத்துவிட்டு இரண்டாம் மூன்றாம் ஆண்டில் வெளிறத் தொடங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

நான்காம் படி: குழி தயாரித்தல்

ஒன்றரையடி நீள, அகல, ஆழத்தில் குழியெடுத்துப் பத்து நாள் ஆறப்போடுங்கள். கல், காரை, செங்கல் துண்டு அனைத்தையும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். நிரப்புவதற்கு நல்ல செம்மண் இரண்டு பங்கு, நன்கு மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, கழுவிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு என்ற கலவை போதும். களிமண் பகுதியானால் ஆற்று மணலும் ஒரு பங்கு சேருங்கள். தென்னைநார்க் கழிவு இயல்பாகவே சற்று அமிலத் தன்மை கொண்டது, ஈரத்தையும் பிடித்து வைக்கும். ஆனால் அதில் உப்பு இருக்குமாதலால் இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். வேர்முடிச்சு நூற்புழுத் தொல்லையைக் குறைக்க ஒரு குழிக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் சேர்க்கலாம்.

மண் இலேசான காரத் தன்மை கொண்டதாக இருந்தால் ஒரு குழிக்கு 50 கிராம் அளவு கந்தகத் தூளைக் கலவையோடு சீராகக் கலந்துவிடுங்கள். கந்தகம் உடனே வேலை செய்வதில்லை. மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் அதனைச் சிறுகச் சிறுகக் கந்தக அமிலமாக மாற்ற வேண்டும். அதற்கு ஈரமும் வெப்பமும் இரண்டு மூன்று மாதக் காலமும் தேவை. ஆகவே கோடையின் முடிவில் குழியைத் தயாரித்து மழைக்காலத்தில் நடுவது நல்ல முறை.

வினிகர்ச் சோதனையில் மண் பொங்கி நுரைத்ததென்றால் கந்தகத்தை நம்பிப் பயனில்லை. மண்ணிலுள்ள சுண்ணாம்பு முழுவதும் தீரும்வரை அது உருவாக்கும் அமிலமெல்லாம் வீணாகும். அத்தகைய இடத்தில் தரைக்கு மேல் ஒன்றரையடி உயரத்தில் மேடைப் பாத்தி அமைத்து, வெளியிலிருந்து கொண்டுவந்த செம்மண் கலவையில் நடுவதே சரியான வழி. பாத்தியின் கரையைச் சிமெண்டால் கட்டாமல் கருங்கல்லாலோ மரப் பலகையாலோ அமையுங்கள். அதுவும் இயலாவிட்டால் தொட்டிதான்.

ஐந்தாம் படி: நடுதல்

தென்மேற்குப் பருவமழை பெறும் பகுதிகளில் ஆனி, ஆடியிலும், வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள பகுதிகளில் புரட்டாசி இறுதியிலிருந்தும் நடலாம். தமிழ்நாட்டில் விற்கப்படும் செடிகள் பல ஆந்திரத்தின் கடியம் பகுதி நாற்றுப் பண்ணைகளிலிருந்து வருபவை. இறுகிய களிமண் உருண்டையில் வேர் சிக்கியிருப்பது வழக்கம். அந்த உருண்டையை அப்படியே புதைத்தால் சுற்றியுள்ள மண் நனைந்தாலும் உருண்டைக்குள் நீர் இறங்காது. நடுவதற்கு முன் அரை மணி நேரம் நீரில் வைத்து, வெளிப்புறத்து மண்ணை விரலால் மெதுவாகத் தளர்த்தி, வேர்முனைகள் வெளித்தெரியும்படி செய்யுங்கள். உருண்டையை உடைத்து நொறுக்க வேண்டாம்.

பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் தண்டு இருக்க வேண்டும். வேலியாக வளர்ப்பதானால் குட்டை ரகத்துக்கு ஒன்றரையடி, நாட்டு ரகத்துக்கு இரண்டரை முதல் மூன்றடி இடைவெளி விடுங்கள். தனிச் செடிக்குச் சுற்றிலும் நான்கடி தேவை. நட்டவுடன் ஒரு குடம் நீர் ஊற்றி, தண்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, மூன்று அங்குலக் கனத்தில் காய்ந்த இலைதழையாலோ தென்னை மட்டையாலோ மூடாக்கு இடுங்கள். இட்லிப் பூவின் வேர்கள் மேல்மண்ணிலேயே அதிகம் படர்பவை என்பதால் மூடாக்கு இச்செடிக்குக் கட்டாயம் என்றே கொள்ள வேண்டும். செடியடியில் மண்வெட்டியால் கொத்துவதையும் தவிருங்கள்.

ஆறாம் படி: நீர்

முதல் இரண்டு மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாளும், வேர் பிடித்த பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு முறையும் போதும். ஈரம் நிலையாக இருக்க வேண்டும், நீர் தேங்கக் கூடாது. கடினநீர் உள்ளவர்கள் மழைநீரை இயன்றவரை பயன்படுத்துங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக இருப்பதால் மாடியிலிருந்து இறங்கும் குழாய் பெரும்பாலான வீடுகளில் உண்டு. அதிலிருந்து ஒரு கிளை எடுத்துப் பீப்பாயில் நிரப்பினால் தொட்டிச் செடிகளுக்குப் பல நாள் வரும். ஏசியிலிருந்து வடியும் நீரும் உப்பற்றது. அதையும் இதற்குப் பிடித்து வைக்கலாம். மழைக்காலம் வரும்போதெல்லாம் வெளிறிய செடிகள் தானே பச்சை பிடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். மழைநீர் மண்ணிலுள்ள உப்பைக் கழுவி இறக்குவதே அதற்குக் காரணம்.

ஏழாம் படி: உரம்

ஆண்டுக்கு இருமுறை, பருவமழைக்கு முன்பும் தை மாதத்திலும், வளர்ந்த செடி ஒன்றுக்கு இரண்டு மூன்று கிலோ மட்கிய தொழுவுரமும் 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் மூடாக்கை விலக்கி இட்டு மீண்டும் மூடுங்கள். இரசாயன உரம் இடுபவர்கள் யூரியாவைவிட அம்மோனியம் சல்பேட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது, அது மண்ணைச் சிறிது அமிலமாக்கும். செடிக்கு 20 முதல் 25 கிராம், ஈரமான மண்ணில், தண்டுக்கு அரையடி தள்ளி இடவேண்டும்.

எவற்றை இடக்கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். முட்டை ஓட்டுத் தூள், அடுப்புச் சாம்பல், எலும்புத் தூள் ஆகிய மூன்றும் ரோஜாவுக்கும் காய்கறிக்கும் பலர் பரிந்துரைப்பவை. இட்லிப் பூவுக்கு இவை கேடு. முட்டை ஓடு என்பது சுண்ணாம்பேதான். சாம்பல் வலிய காரம். எலும்புத் தூளில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் இரும்பைப் பிணைத்துவிடும். காப்பித் தூள் சக்கையை மட்கவைத்து இடுவதில் தவறில்லை. ஆனால் அது மண்ணின் காரத்தை மாற்றிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காய்ச்சி வடித்த சக்கை ஏறத்தாழ நடுநிலையானது.

எட்டாம் படி: இலை வெளிறினால்

கிளை நுனியிலுள்ள இளம் இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெளிவாக நின்று, அவற்றுக்கிடையிலான பரப்பு எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் அது இரும்புப் பற்றாக்குறை. முற்றிய நிலையில் இலை ஏறக்குறைய வெள்ளையாகி ஓரம் கருகும். இளந்துளிர் பச்சையாக இருந்து அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் மஞ்சளானால் அது மக்னீசியம் குறைவாக இருக்கலாம். முதிர்ந்த இலைகளில் ஊதாப் பழுப்புப் புள்ளிகள் ஒழுங்கின்றிப் பரவினால் பொட்டாசியம் குறைவு. எந்த இலையில் தொடங்குகிறது என்பதே நோயறியும் வழி.

இரும்புக் குறைக்கு உடனடி நிவாரணம் அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட். ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, புதிதாகக் கரைத்த நிலையிலேயே மாலை வேளையில் இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை செய்தால் புதிய இலைகள் பச்சையாக வரும். சுவரிலும் தரை ஓட்டிலும் பட்டால் துருக்கறை போகாது என்பதால் கவனம் தேவை. அன்னபேதியைக் கார மண்ணில் அப்படியே இடுவது பயனற்றது, சில நாளில் செடிக்கு எட்டாத வடிவமாகிவிடும். மண்வழி கொடுக்க விரும்பினால் கொடுக்கிணைப்பு இரும்பு (செலேட்), அதாவது மண்ணில் எளிதில் சிக்கிவிடாதபடி வேறொரு சேர்மத்தோடு பிணைத்த இரும்பு, வாங்குங்கள்; அதிலும் ஈ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5 வரைதான் நிலைக்கும், ஈ.டி.டி.எச்.ஏ. என்று குறிப்பிட்ட வகைதான் காரமான மண்ணிலும் வேலை செய்யும். விலை கூடுதலானாலும் பொருந்துவது அதுவே. மக்னீசியத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பைத் தெளிக்கலாம். பொட்டாசியத்துக்கு பொட்டாசியம் சல்பேட் இடலாம்.

இவையெல்லாம் அறிகுறியை நீக்குபவை. மண்ணும் நீரும் மாறாதவரை சில மாதங்களில் மஞ்சள் திரும்பும்.

ஒன்பதாம் படி: கவாத்து

இட்லிப் பூ புதுக் கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். நுனியை எப்போதும் வெட்டிக்கொண்டே இருந்தால் பூவே இராது. வாரந்தோறும் கத்தரியால் சதுரமாக மழித்து விடப்படும் அலுவலக வேலிகளில் பூவைக் காண முடியாததற்கு இதுவே காரணம். ஒரு கொத்து வாடியதும் அதன் கீழ் இரண்டு இலை ஜோடிகளோடு சேர்த்து, கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தக் கணுவிலிருந்து எதிரெதிராக இரண்டு துளிர்கள் கிளம்பும். ஒன்று இருந்த இடத்தில் அடுத்த முறை இரண்டு கொத்துகள் வரும். எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் வெட்டாமல் பாதியை இப்போதும் மீதியை ஒரு மாதம் கழித்தும் வெட்டினால் செடி பூவின்றி நிற்கும் காலம் குறையும்.

வயதாகி அடிப்பகுதி வெறுமையாகிவிட்ட நாட்டுச் செடியை ஆவணியில், மழைக்கு முன், புதுப்பிக்கலாம். மிகத் தடித்த கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அறுத்து, மறு ஆண்டு அடுத்த பங்கு என்று மூன்றாண்டில் முடியுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் கடுங்கவாத்து செய்யக் கூடாது. நிழலில் இருந்த பட்டை திடீரென வெயில் பட்டு வெடிக்கும்.

பூச்சிகள்

இச்செடிக்குப் பெரிய நோய்கள் இல்லை. செதில் பூச்சி, மாவுப் பூச்சி, அசுவினி ஆகிய சாறுறிஞ்சிகளே வருபவை. இலைமேல் கரி படிந்தது போன்ற கரும்பூசணம் தெரிந்தால் மேலே எங்கோ இவை தேன்போன்ற கழிவைச் சொரிகின்றன என்று பொருள். எறும்பு ஏறுவதும் அதற்காகவே. ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்ப எண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் நன்றாகக் கலக்கி, மாலையில், இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் போதும். கடும் பூச்சிக்கொல்லிகளை இச்செடியில் அடிக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். பூவின் நீண்டு மெலிந்த குழல் நீள உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்கென்றே அமைந்தது. கறிவேப்பிலையில் முட்டையிடும் கருநிற வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் நாள்தோறும் தேடி வரும். குழந்தைகளும் பூவைப் பறித்துத் தேன் உறிஞ்சுவார்கள்.

தொட்டியில் வளர்க்க

குட்டை ரகத்துக்குப் பன்னிரண்டு அங்குலத் தொட்டி போதும். குழிக்குச் சொன்ன கலவையே இங்கும் பொருந்தும்; சிமெண்டுத் தொட்டியை மட்டும் தவிர்த்து மண் தொட்டியோ பிளாஸ்டிக் தொட்டியோ வாங்குங்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றித் தொட்டியிட்டு, கலவையில் பாதியைப் புதிதாக்குவது அவசியம்.

பத்தாம் படி: பெருக்குதல்

பழுத்துக் கருஞ்சிவப்பான கனியிலிருந்து விதை எடுத்தும் வளர்க்கலாம். ஆனால் பூக்க ஆண்டுகள் ஆகும், கலப்பின ரகமானால் நிறமும் மாறலாம். தண்டுக் குச்சியே சிறந்தது. மழைக்காலத்தில், பூ இல்லாத, பச்சையிலிருந்து பழுப்பாக மாறத் தொடங்கிய பென்சில் கனத்துக் கிளையில் ஐந்தாறு அங்குலக் குச்சி வெட்டுங்கள். மேலே ஒரு ஜோடி இலையை மட்டும் விட்டு, அதையும் பாதியாக நறுக்குங்கள். அடிநுனியை வேர் ஊக்கித் தூளில் தொட்டு, மணலும் தென்னைநார்க் கழிவும் சம அளவு கலந்த பையில் இரண்டு கணு புதையும்படி நட்டு, ஒளி ஊடுருவும் பாலித்தீன் உறையால் மூடி நிழலில் வையுங்கள்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் விடும். துளிர் வந்துவிட்டது என்று உறையை அவசரமாக நீக்கக் கூடாது. குச்சியில் சேமித்திருந்த சத்தைக் கொண்டே முதல் துளிர் வருவதுண்டு. மெல்ல இழுத்துப் பார்த்து, பிடிப்பு தெரிந்த பிறகே உறையைச் சிறிது சிறிதாகத் திறந்து, பத்து நாளில் முழுவதும் எடுங்கள். அடுத்த மழைக்காலம் வரை பையிலேயே, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வளர்த்து, நுனியை இருமுறை கிள்ளிக் கிளை பிரியச் செய்த பின்பு தரையில் நடலாம்.